இரண்டு கடலுக்கு ஒரு படகு: ராமநாதபுரம் கரையோரம் படகில் சுற்றவும் மீன்பிடிக்கவும் முழுமையான வழிகாட்டி

மண்டபத்தில் நின்று வடக்கே பார்த்தால் ஒரு கடல், தெற்கே பார்த்தால் இன்னொரு கடல், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போய்விடலாம். இப்படி ஒரு வசதி தமிழ்நாட்டுக் கரையில் வேறு எங்கேயும் கிடையாது. ஒரு பக்கம் அலை எழும்பிப் படகையே இறக்க முடியாத நாளில் மறுபக்கம் ஓரளவு அமைதியாகக் கிடக்கும். ஆனால் இந்த வசதியை நம்பித்தான் வெளியூர்க்காரர்கள் பலர் இங்கே சிக்கிக்கொள்கிறார்கள். காலையில் வடகடலில் கண்ணாடி மாதிரித் தண்ணீரைப் பார்த்துவிட்டு, மதியம் பாம்பன் வாயை (பாம்பன் பாலத்துக்குக் கீழே இரண்டு கடலும் சேரும் குறுகிய வழியை) கடந்து தெற்கே போனால், அங்கே காத்திருப்பது முற்றிலும் வேறு தண்ணீர்.

எங்கள் வீட்டில் ஒரு 24 அடி ஃபைபர் படகு இருக்கிறது. மீன்பிடித்து விற்றுப் பிழைப்பதற்காக வைத்திருப்பது அல்ல. விடுமுறை நாளில் குடும்பத்தோடும் நண்பர்களோடும் போவோம், தூண்டில் போடுவோம், கிடைத்ததைச் சாப்பிடுவோம். பல வருடமாக இதைச் செய்ததில் நான் கற்றதில் பாதி, கூட வந்த கடல்காரர்கள் சொல்லிக்கொடுத்தது, மீதி, அவர்கள் சொன்னதைக் கேட்காமல் போய்ப் பட்டது. வரும் பிப்ரவரியில் சொந்தப் படகோடோ வாடகைப் படகிலோ இந்தப் பக்கம் வரலாம் என்று நினைப்பவர்களுக்காக எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில் காற்றைப் படியுங்கள், மீனை அப்புறம் பார்க்கலாம்

பாம்பன் பாலத்துக்கு வடக்கே இருப்பது பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ராமேஸ்வரம் பக்கம் வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல், பெரும்பாலான இடங்களில் 15 மீட்டரைத் தாண்டாது. அதனால் பெரிய நீள அலை அங்கே வராது, ஆனால் காற்று அடித்தால் குட்டை குட்டையான நெருக்கமான அலை எழும்பி ஒன்றன்மேல் ஒன்றாகப் படகில் மோதும், சின்னப் படகுக்கு அது முதுகை உடைக்கும் வேலை. மன்னார் வளைகுடா தெற்கே போகப் போக ஆழமாகி, திறந்த பெருங்கடலோடு சேர்ந்துவிடுகிறது. எங்கோ தூரத்தில் உண்டான அலைகூட அங்கே உருண்டு வரும்.

வருடத்தை இங்கே காற்றின் பெயரால்தான் பிரிப்பார்கள். அக்டோபரிலிருந்து ஜனவரி வரை வாடை, அதாவது வடகிழக்கிலிருந்து வரும் காற்று. அப்போது வடகடல் கலங்கிப்போய் மோசமாக இருக்கும், தென்கடல் தீவின் மறைவில் கொஞ்சம் தணிந்திருக்கும். ஆனால் இதுதான் மழைக்காலமும் புயல் காலமும், 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் இந்தக் காலத்தில் வந்ததுதான். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை கச்சான் காலம், மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் விடாமல் அடிக்கும். அப்போது தென்கடலில் சின்னப் படகுக்கு வேலையே இல்லை. வடகடல் கரையோரமாக மட்டும் அமைதியாக இருக்கும். அதிலும் ஒரு ஆபத்து உண்டு: கரையிலிருந்து கடலுக்குள் அடிக்கும் காற்று அது. என்ஜின் நின்றுவிட்டால் படகைக் கரைக்குத் தள்ளாது, உள்ளே இலங்கைப் பக்கம் தள்ளிக்கொண்டு போகும்.

பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் முதல் பாதி, இதுதான் நம்மைப் போன்றவர்களுக்கான காலம். இரண்டு கடலும் தணிந்திருக்கும், தண்ணீர் தெளிந்திருக்கும். அந்த மாதங்களிலும் காலையில் விடியும் முன் இறங்கி மதியம் 12 மணிக்குள் திரும்பிவிடுவதுதான் நல்லது. வெயில் ஏறியதும் கடற்காற்று எழும்பி, 2 மணிக்கு மேல் வீடு திரும்பும் வழி முழுக்கத் தண்ணீர் முகத்தில் அடிக்கும்.

2. படகும் ஆளும்

சொந்தப் படகு இல்லாமல் வருபவர்களுக்கு என் நேரடியான கருத்து: வெறும் படகை வாடகைக்குத் தேடாதீர்கள், ஆளைத் தேடுங்கள். மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம் எதுவாக இருந்தாலும், அந்தந்தக் கரையில் பத்து இருபது வருடம் நாட்டுப்படகு ஓட்டிய ஒருவர் கூட வந்தால் உங்கள் பயணமே வேறு மாதிரி இருக்கும். இந்தக் கடலில் ஆபத்து பெரும்பாலும் தண்ணீருக்கு ஒரு முழம் கீழே இருக்கிறது: பார் (கடலடியில் கிடக்கும் பாறை, பவளத் திட்டு), மணல் திட்டு, வலைக் கயிறு, கடல்பாசி வளர்க்கும் மிதவையின் நங்கூரம். இவை எல்லாம் எந்த வரைபடத்திலும் முழுதாக இல்லை. வருபவரை அண்ணே என்று கூப்பிட்டுப் பேசுங்கள், வாடகையைக் கரையிலேயே தெளிவாகப் பேசி முடியுங்கள், அன்றைக்கு மீன் கிடைக்காவிட்டாலும் அவருடைய ஒரு நாள் உழைப்புக்கான காசு முழுதாகப் போய்ச் சேர வேண்டும்.

சொந்தப் படகு என்றால் 20 முதல் 28 அடி ஃபைபர் படகு, அவுட்போர்டு என்ஜின், இது போதும். அதிகம் மூழ்காத படகாக இருக்க வேண்டும், வடகடலில் கரையிலிருந்து நெடுந்தூரம் இடுப்பளவு தண்ணீர்தான். ஒரே என்ஜின் என்றால் கூடவே துடுப்பும், முடிந்தால் ஒரு சின்னப் பாயும் வேண்டும். இந்தக் கரையில் இன்றைக்கும் பாய் விரித்து ஓடும் வத்தை என்ற நாட்டுப்படகுகளைப் பார்க்கலாம், பாயை மதிக்காத ஆள் இங்கே கிடையாது. நங்கூரம் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். கயிறு ஆழத்தைப் போல் ஐந்து மடங்காவது வேண்டும், பத்துப் பாகம் (இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்) ஆழத்தில் பத்துப் பாகம் கயிறு விட்டால் நங்கூரம் பிடிக்கவே பிடிக்காது.

எரிபொருள் கணக்கு எளிது. மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு தொடாமல் வைத்திருப்பதற்கு. காற்றுக்கு எதிரே திரும்பி வரும் நாளில் போனதைப் போல் ஒன்றரை மடங்கு குடிக்கும் என்பதை ஒரே ஒரு தடவை அனுபவித்தால் போதும், அந்த மூன்றாம் பங்கைத் தொட மனசு வராது.

3. காகிதங்களும் எல்லையும்

இதை அலுப்பு என்று தாண்டிப் போகாதீர்கள். இந்தியாவிலேயே அதிகமாகக் கண்காணிக்கப்படும் கரைகளில் இது ஒன்று. உச்சிப்புளியில் கடற்படையின் விமானத் தளம், மண்டபத்தில் கடலோரக் காவல் படை, கரை நெடுகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல் நிலையங்கள். கடத்தல் பிரச்சினை இருப்பதால் தெரியாத படகு, தெரியாத ஆட்கள் என்றால் நிறுத்திக் கேட்பார்கள், கேட்க வேண்டியதுதான். படகு பதிவுச் சான்று, எல்லோருடைய ஆதார் அட்டை, யார் யார் படகில் இருக்கிறார்கள் என்ற பட்டியல் எல்லாம் தண்ணீர் புகாத ஒரு பையில் இருக்கட்டும். படகைக் கொண்டு வருவதற்கு முன்பே அந்தப் பகுதி மீன்வளத்துறை அலுவலகத்திலும் கடலோரக் காவல் நிலையத்திலும் நேரில் போய்ச் சொல்லி, உங்கள் படகுக்கு என்ன அனுமதி தேவை என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிடிக்கும் உரிமை இல்லாத படகில் வலை போடவே கூடாது. சேட்டிலைட் போன் வைத்திருந்தால் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள், அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பது இந்தியாவில் குற்றம்.

சர்வதேச எல்லைக் கோடு 1974, 1976 ஒப்பந்தங்களில் வரையப்பட்டது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே மொத்தமே 30 கிலோமீட்டர்தான், அதில் பாதியைக்கூட நீங்கள் தொட வேண்டியதில்லை. கடலில் கோடு தெரியாது, நீரோட்டம் கேட்டுக்கொண்டு தள்ளாது. எல்லையைத் தாண்டியதாகச் சொல்லிப் பிடிக்கப்பட்டு, மாதக் கணக்கில் இலங்கைச் சிறையில் கிடந்து, படகையும் இழந்து நிற்கும் குடும்பங்கள் இந்தக் கரையில் எத்தனை என்று எங்களுக்குத் தெரியும். பிழைப்புக்குப் போனவர்களுக்கே அந்த நிலை என்றால் பொழுதுபோக்குக்குப் போகும் நாம் அந்தப் பக்கம் எட்டியே பார்க்கக் கூடாது. ஜிபிஎஸ் கருவியில் எல்லைக்கு நெடுந்தூரம் முன்பாகவே ஒரு எச்சரிக்கைக் கோடு போட்டு வைத்துவிடுங்கள். போனில் இலங்கை நெட்வொர்க் பிடிப்பதை மட்டும் எல்லையாக நினைக்காதீர்கள், தனுஷ்கோடிக் கரையில் நின்றாலே அது பிடிக்கும்.

அப்புறம் தீவுகள். மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள், 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. குருசடை, முயல் தீவு, வாழைத் தீவு, அப்பா தீவு, நல்லதண்ணித் தீவு என்று பெயரைக் கேட்டாலே இறங்கத் தோன்றும். வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது, பக்கத்தில் நங்கூரம் போடக் கூடாது, பூங்காவின் எல்லைக்குள் தூண்டில் போடவும் கூடாது. எல்லை எங்கே தொடங்குகிறது என்பதை ராமநாதபுரத்தில் இருக்கும் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். பவளத்தைப் பார்க்க ஆசை என்றால் வனத்துறையே பிச்சை மூப்பன் வலசையில் படகு விடுகிறது, காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் கூட்டிப்போகிறது. அதில் போய்ப் பாருங்கள், உள்ளூர்க்காரர்களுக்கும் அதில் வருமானம் உண்டு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தடை விசைப்படகுகளுக்குத்தான் என்றாலும் நான் அந்த நாட்களில் தூண்டிலை எடுப்பதில்லை. மீன் முட்டையிடும் காலம் என்று ஊரே படகைக் கரையேற்றி வைத்திருக்கும்போது பொழுதுபோக்குக்காகப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

4. முந்தின நாள்

மாலையிலேயே இன்கொய்ஸ் (மத்திய அரசின் கடல் தகவல் மையம்) வெளியிடும் கடல்நிலை முன்னறிவிப்பையும் வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையையும் பாருங்கள். அலை உயரம், காற்றின் வேகம் இரண்டையும் தாளில் எழுதுங்கள். காற்று மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் என்றால் நான் போகமாட்டேன். கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தால், வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் தென்கடல் பக்கம் போகவே கூடாது, காற்றே இல்லாமல் தூரத்திலிருந்து வரும் அலை அது. பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தால் பேச்சே இல்லை.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் ஏறுவதும் வற்றுவதும் கூடுதலாக இருக்கும், ஓட்டமும் வேகமாக இருக்கும். இங்கே ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான், ஆனால் வடகடலில் அந்த ஒரு முழம்தான் படகு மிதப்பதற்கும் தரை தட்டுவதற்கும் வித்தியாசம்.

தலைக்கு நான்கு லிட்டர் தண்ணீர், உயிர்காப்புக் கவசம் ஒவ்வொருவருக்கும் அவரவர் அளவில் (குழந்தைக்குப் பெரியவர் கவசம் போட்டால் அது நழுவி மேலே போய்விடும்), டார்ச், விசில், வெயிலில் மின்னவைத்து உதவி கேட்க ஒரு கண்ணாடி, உபரி ஸ்பார்க் பிளக், என்ஜின் விசிறிக்கான (புரொப்பெல்லர்) பின்னும் அதைக் கழற்ற ஸ்பேனரும், ஒரு நல்ல கத்தி. விஎச்எஃப் ரேடியோவுக்கு உரிமம் உள்ளவர்கள் 16-ஆம் சேனலில் காது வைத்திருக்க வேண்டும். கடலோரக் காவல் படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093, இரண்டையும் படகின் உள்பக்கத்தில் பெயின்டால் எழுதிவிடுங்கள், போன் யார் கையில் இருந்தாலும் உதவும். கரையில் ஒருவரிடம் எந்தத் திசை, எத்தனை மணிக்குத் திரும்புவோம், எத்தனை மணி தாண்டினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் கயிற்றை அவிழ்க்க வேண்டும்.

5. எங்கே போகலாம்

முதல் தடவை என்றால் மண்டபம் வடக்குக் கரையில் இறங்கி, மேற்கே பிரப்பன்வலசை, அரியமான் வரை கரையை ஒட்டிப் போய்த் திரும்புங்கள். அடியில் கடல்புல் படர்ந்து கிடப்பது தண்ணீருக்கு மேலிருந்தே தெரியும். கடல்பசு மேயும் இடம் இது மாதிரியானதுதான், ஆவுலியா என்பார்கள். வேகத்தைக் குறைத்துப் போங்கள். ஆமையோ ஆவுலியாவோ மூச்செடுக்க மேலே வரும் நேரத்தில் விசிறி அடித்தால் அதற்குப் பிழைப்பு கிடையாது.

இந்தப் பாதையில் கவனிக்க வேண்டியது நண்டு வலைகளும் பாசி மிதவைகளும். மூங்கில் கட்டங்களில் கடல்பாசி கட்டி வளர்ப்பார்கள், ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் பல வார உழைப்பு. முனைக்காட்டுக்கு எதிரே ஒருநாள் வெயில் நேரே கண்ணில் அடித்ததில் மிதவையின் கயிற்றை நான் பார்க்கவில்லை. என்ஜின் ஒரு முனகல் முனகி நின்றுவிட்டது. கையை உள்ளே விட்டுப் பார்த்தால் விசிறியின் தண்டில் கயிறு இறுகச் சுற்றி, வெந்த பிளாஸ்டிக் மாதிரி உருகிக் கெட்டியாகியிருந்தது. தண்ணீரில் இறங்கி இழையிழையாக அறுத்தெடுக்க முக்கால் மணி நேரம். நான் அறுத்தது மிதவையை நங்கூரத்தோடு பிடித்திருந்த கயிறு என்பதால் அதை அப்படியே விட்டுவிட்டு வர முடியாது, எங்கள் கயிற்றால் முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டு, கரைக்குப் போய் மிதவைக்காரர் வீட்டைக் கண்டுபிடித்துச் சொன்னோம். அந்த வீட்டு அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை, "சொல்லிட்டுப் போனியளே, அது போதும்" என்றார்கள். அன்றிலிருந்து மிதவைகள் இருக்கும் பகுதியில் அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், ஒரு ஆளை நிற்க வைக்காமல் நான் ஓட்டுவதில்லை.

இரண்டாவது, பாம்பன் வாயைக் கடந்து குந்துகால் போவது. இது கொஞ்ச தூரம்தான், ஆனால் இந்தக் கரையிலேயே எனக்கு மிகவும் பிடித்த கொஞ்ச தூரம். தலைக்கு மேலே, 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்துக்குப் பதிலாக 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய ரயில் தூக்குப் பாலம், அதற்கப்புறம் சாலைப் பாலம். கீழே தண்ணீர் ஆறு மாதிரி ஓடும். கச்சான் காலத்தில் தெற்கிலிருந்து வடக்கே, வாடையில் வடக்கிலிருந்து தெற்கே. தூண்களைச் சுற்றிச் சுழித்துக்கொண்டு, சில இடத்தில் கொதிக்கிற மாதிரி மேலே பொங்கும். ஓட்டம் அடங்கும் நேரத்துக்காகக் காத்திருங்கள், உள்ளூர்ப் படகுகள் எந்தத் தூண்களுக்கு இடையே போகின்றன என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், பிறகு அவர்களில் ஒருவருக்குப் பின்னாலேயே போங்கள். நடுவில் வேகத்தைக் குறைக்கக் கூடாது. வேகம் போனால் சுக்கான் பேச்சைக் கேட்காது, ஓட்டம் படகைக் குறுக்கே திருப்பித் தூணில் சாத்திவிடும். பெரிய படகு என்றால் பாம்பன் துறைமுக அலுவலகத்தில் அனுமதி வாங்காமல் அந்தப் பக்கமே போகாதீர்கள். கடந்து தெற்கே வந்ததும் குந்துகால், 1897-இல் விவேகானந்தர் வந்திறங்கிய இடம், எதிரே குருசடைத் தீவு.

மூன்றாவது கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம். தீவுகளுக்கு உள்ளே கரையோரம் அமைதி, தீவுகளுக்கு வெளியே பார்களும் நல்ல மீனும். நடுவே இருக்கும் வழிகளைத் தெரிந்த ஆள் இல்லாமல் கடக்காதீர்கள், பவளப் பாரில் அலை உடைவது பின்னால் இருந்து பார்த்தால் தெரியாது, மேலே போன பிறகுதான் தெரியும். வாலிநோக்கம், மூக்கையூர் பக்கம் கடல் இன்னும் திறந்தது, அங்கே பிப்ரவரி, மார்ச் காலைகளில் மட்டும்தான் போவோம். வடக்கே தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, தொண்டி எல்லாம் சேற்றுத் தரை, நண்டுக்குப் பேர் போன இடம், படகைவிடப் பொறுமை அதிகம் தேவைப்படும் தண்ணீர்.

தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையைச் சுற்றிப் போகலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வேண்டாம். இரண்டு கடலும் மோதுமிடம், வாரத்துக்கு வாரம் இடம் மாறும் மணல் திட்டுகள், அதைத் தாண்டினால் எல்லை. சாலையில் போய் நின்று பார்த்தாலே போதும்.

திசை தவறிப்போனால் ராமேஸ்வரம் தொலைக்காட்சிக் கோபுரத்தைத் தேடுங்கள். 323 மீட்டர் உயரம், கரை மறைந்த பிறகும் அது தெரியும். அதையும் பாம்பன் கலங்கரை விளக்கத்தையும் வைத்தே நான் நிற்கும் இடத்தை எப்போதும் ஒரு தடவை மனசுக்குள் சரிபார்த்துக்கொள்வேன், ஜிபிஎஸ் பேட்டரி தீர்ந்துபோன நாளில் அந்தப் பழக்கம்தான் கூட வந்தது.

6. தூண்டில்

ராடும் ரீலும் வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள், ஆனால் பாரில் மீன்பிடிக்கக் கைத்தூண்டிலுக்கு ஈடில்லை என்பது என் முடிவு. கட்டையில் சுற்றிய தடித்த நரம்பு (தூண்டில் இழை), நுனியில் ஈயம், அதற்கு மேலே ஒரு கை நீளத்தில் இரண்டு முள். இரைக்குக் கணவாய்த் துண்டு அல்லது உப்புப் போட்ட சூடை. உப்புப் போட்டால் இரை கெட்டியாகும், சின்ன மீன் கொத்திக் கொத்திப் பிய்க்காது.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு பெரியவர், அவரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். கண்ணை மூடிக்கொண்டு தூண்டிலை இறக்கச் சொன்னார். இரண்டு கையையும் விரித்து விரித்து எண்ணினால் ஒவ்வொரு விரிப்பும் ஒரு பாகம். எட்டாவது பாகத்தில் ஈயம் தரையைத் தொட்டது. "என்னடா தரை?" என்று கேட்டார். நரம்பை ஒரு சாண் தூக்கி மறுபடி விட்டுப் பார்க்க வேண்டும். மணல் என்றால் ஈயம் மெத்தென்று உட்காரும், சேறு என்றால் தூக்கும்போது பிடித்து இழுக்கும், பார் என்றால் 'டக்' என்று விரலில் தட்டும். எக்கோ சவுண்டர் (ஒலியால் ஆழம் பார்க்கும் கருவி) திரையில் வருவதெல்லாம் அந்த ஒரு தட்டில் இருக்கிறது. தட்டியதும் ஒரு முழம் மேலே தூக்கி, நரம்பை ஆள்காட்டி விரலின் மேல் போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

விளமீன் முதலில் ஒரு சின்னத் தட்டு தட்டும், உடனே இழுத்தால் போய்விடும். இரண்டாவது இழுப்பில் நரம்பு விரலை விட்டு நகரும், அப்போது ஒரே வெட்டாக வெட்டி இழுக்க வேண்டும். கலவா வேறு மாதிரி, தட்டாது, ஒரேயடியாகக் கல்லுக்குள் இழுத்துக்கொண்டு போகும், முதல் இரண்டு பாகம் யோசிக்காமல் தூக்கிவிட்டால் மீன் உங்களுடையது, ஒரு நொடி தாமதித்தால் நரம்பு கல்லில் மாட்டிக்கொள்ளும். விரலில் துணி சுற்றிக்கொள்ளாமல் இதைச் செய்யாதீர்கள், ஈர நரம்பு கத்தி மாதிரி அறுக்கும். நரம்பைக் கையில் சுற்றிப் பிடிக்கவும் கூடாது.

விடியும் நேரத்தில் படகை மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டியபடி, பின்னால் முப்பது நாற்பது மீட்டர் தூரத்தில் மின்னும் போலி இரையை இழுத்துக்கொண்டு போனால் சீலா, மாவுலா, பாறை, ஊளி கிடைக்கும். இவற்றில் பல்லுக்காரர்கள் நரம்பை அறுத்துவிடும், முள்ளுக்கு முன்னால் ஒரு முழம் கம்பி வேண்டும். கடற்பறவைகள் ஒரே இடத்தில் விழுந்து எழுந்தால் கீழே சின்ன மீன் கூட்டமும் அதைத் துரத்தும் பெரிய மீனும் இருக்கிறது என்று அர்த்தம். நேரே நடுவில் ஓட்டினால் கூட்டம் கலைந்துவிடும், ஓரமாகச் சுற்றி வாருங்கள். மீன் பெயர்கள் கரைக்குக் கரை மாறும், சந்தையில் கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய விளக்குப் போட்டு மீனைக் கூட்டுவது 2017 முதல் தடை.

எதைத் தொடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடல் அட்டை, கடல் குதிரை, ஆமை, பவளம், கடல்பசு எல்லாம் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. வலையில் செத்துக் கிடந்த கடல் குதிரையை நினைவுக்காக எடுத்து வந்தாலும் வழக்குத்தான். சினை நண்டு வந்தால் திருப்பி விடுங்கள். உள்ளங்கை அளவு மீனையும் விடுங்கள், விடும்போது கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள், காய்ந்த கை மீனின் வழுவழுப்பை எடுத்துவிடும். பேத்தை மீனைச் சாப்பிடவே கூடாது, சமைத்தாலும் அதன் விஷம் போகாது.

நங்கூரத்தை மணலில் மட்டும் போடுங்கள். இந்தப் பவளங்கள் 2010-லும் 2016-லும் கடல் சூடானதில் வெளுத்துச் செத்து, மிஞ்சியவை மெல்லத் தேறிக்கொண்டிருக்கின்றன. ஒரு நங்கூரம் ஒரு நிமிடத்தில் உடைப்பது வளரப் பல வருடம் ஆகும்.

7. பட்டுவிட்டால்

திருக்கை முள், கெளுத்தி முள், ஓரா முள் குத்தினால் வலி உயிரைப் பிடுங்கும். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் அந்த இடத்தை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்தால் விஷத்தின் வீரியம் குறையும். ஃபிளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோவது அதற்காகத்தான், டீக்கு மட்டும் அல்ல. முள் ஆழமாக ஏறியிருந்தால் பிடுங்காமல் மருத்துவமனைக்கு வாருங்கள். சொறி (ஜெல்லி மீன்) பட்டால் கடல் தண்ணீரில் கழுவுங்கள், நல்ல தண்ணீர் ஊற்றினாலும் தேய்த்தாலும் எரிச்சல் கூடும். மூச்சுத் திணறினால் உடனே கரை. கடல் பாம்பு தூண்டிலில் வந்தால் நரம்பை அறுத்துவிடுங்கள், முள்ளைக் காப்பாற்ற நினைக்காதீர்கள்.

என்ஜின் நின்றால் முதல் வேலை நங்கூரம். பழுது பார்ப்பது அதற்கப்புறம். நம் வடகடலில் ஆழம் குறைவு என்பது அப்போதுதான் வரம், எங்கே நின்றாலும் நங்கூரம் தரையைப் பிடிக்கும், எல்லைப் பக்கம் அடித்துக்கொண்டு போகாமல் இருந்த இடத்திலேயே உதவிக்குக் காத்திருக்கலாம். படகு கவிழ்ந்தாலும் படகை விட்டு நீந்தாதீர்கள், தேடி வருபவர்கள் கண்ணில் படகு படும், தலை படாது.

8. கரைக்கு வந்த பிறகு

மீனைப் பிடித்த உடனே செவுளை அறுத்து ரத்தத்தை வடியவிட்டு, குடலை எடுத்து, மீனுக்குச் சமமான எடை ஐஸில் புதைத்து வையுங்கள். வெயிலில் அரை மணி நேரம் கிடந்த விளமீன் வேறு, ஐஸில் இருந்த விளமீன் வேறு. கணவாயை மட்டும் பையில் போட்டு வையுங்கள், ஐஸ் கரைந்த தண்ணீர் பட்டால் நிறமும் ருசியும் போய்விடும்.

என்ஜினை நல்ல தண்ணீரில் ஓடவிட்டுக் கழுவுங்கள், முள்களையும் ஈயத்தையும் கழுவிக் காயவையுங்கள். அறுந்த நரம்பை ஒரு துண்டுகூடக் கடலில் போடாமல் கரைக்குக் கொண்டு வாருங்கள். திரும்பிவிட்டோம் என்று, போகும்போது யாரிடம் சொன்னீர்களோ அவரிடம் சொல்லுங்கள். கூட வந்த அண்ணனுக்கு மீனில் அவர் கேட்கும் பங்கை முதலில் எடுத்துக் கொடுத்துவிட்டு மீதியைப் பிரியுங்கள், பெரியப்பா எப்போதும் தலைமீனை எடுத்துக்கொள்வார், அன்றைக்கு அவர் வீட்டில் புளிக்குழம்பு என்று அர்த்தம்.